பாலைவனத்தில் திமிங்கலங்கள்: வாதி அல்-ஹீத்தான் எலும்புகள் சொல்வது என்ன?

எகிப்தின் தலைநகர் கெய்ரோவிலிருந்து தென்மேற்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில், ஃபையூம் மாகாணத்துப் பாலைவனத்தில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மணலும், காற்று அரித்துச் செதுக்கிய பாறைகளும்தான். தண்ணீர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் அந்த மணலின் மேல் பெரிய பெரிய முதுகெலும்புகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவை ஒட்டகத்தின் எலும்புகள் அல்ல. திமிங்கலத்தின் எலும்புகள். ஒன்று இரண்டல்ல, நூற்றுக்கணக்கான திமிங்கலங்கள்.

அந்த இடத்தின் பெயர் வாதி அல்-ஹீத்தான். ‘திமிங்கலங்களின் பள்ளத்தாக்கு’ என்று பொருள். 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. பிரமிடுகளும் கோயில்களும் நிறைந்த எகிப்தில், இயற்கைக்காக இந்த அங்கீகாரம் பெற்ற முதல் இடம் இதுவே.

இங்கே வருகிறவர் மனத்தில் இரண்டு கேள்விகள் எழும். கடலே இல்லாத இடத்திற்குத் திமிங்கலங்கள் எப்படி வந்தன? அந்தத் திமிங்கலங்களுக்கு ஏன் பின்னங்கால்கள் இருந்தன? முதல் கேள்விக்கு விடை சொல்வது எளிது. இரண்டாவது கேள்விக்கு விடை தேடி பாகிஸ்தானுக்கும் கஷ்மீருக்கும் போக வேண்டியிருக்கிறது.

இதை ஏன் எழுதுகிறோம்?

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவர் ஒருவர் நம்மிடம் வந்தார். “ஹஜ்ரத், திமிங்கலத்துக்கு ஒரு காலத்துல கால் இருந்துச்சுன்னு படிச்சேன், படமும் பார்த்தேன். ஆனா நீங்க அன்னைக்கு பயான்ல அப்படி ஒரு எலும்புகூட உலகத்துல இல்லைன்னு சொன்னீங்களே?” என்று கேட்டார்.

அவர் சொன்னது சரி. ஒரு விலங்கினம் வேறொன்றாக மாறியதைக் காட்டும் இடைப்பட்ட புதைபடிவம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயானில் நாம் சொல்லியிருந்தோம். ஏதோ ஒரு மொழிபெயர்ப்பு நூலில் படித்ததை அப்படியே சொன்னோம். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் யார், எப்படிப்பட்டவர் என்று விசாரிக்காமல் ஒரு செய்தியை ஏற்கக் கூடாது என்று மத்ரஸாவில் ஓதியவர்கள் நாம். விலங்கியல் செய்தியை மட்டும் யாரிடமும் விசாரிக்காமல் மிம்பரில் ஏற்றிவிட்டோம். அந்த மாணவருக்கு அன்று நாம் பதில் சொல்லவில்லை. படித்துவிட்டுச் சொல்கிறோம் என்று அனுப்பினோம். இந்தக் கட்டுரை அவருக்கான பதில்.

‘ஹூத்’ என்றால் மீனா, திமிங்கலமா?

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘ஹீத்தான்’ என்பது ‘ஹூத்’ என்ற சொல்லின் பன்மை. யூனுஸ் (அலை) அவர்களை விழுங்கியதைக் குர்ஆன் ‘ஹூத்’ என்றே குறிப்பிடுகிறது. இதைப் படிக்கும் நம் பிள்ளைகள், “திமிங்கலம் மீன் இல்லை என்று டீச்சர் சொல்கிறாரே, ஆனால் ஓதும்போது மீன் என்கிறோமே” என்று குழம்புவது உண்டு.

குழப்பத்திற்கு இடமே இல்லை. கஹ்ஃப் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களும் அவர்களுடைய பணியாளரும் பயண உணவாக எடுத்துச் சென்ற மீனும் ‘ஹூத்’தான். சனிக்கிழமைகளில் கரையோரம் வந்து அந்த ஊராரைச் சோதித்த மீன்களை அஃராஃப் அத்தியாயம் இதே ‘ஹீத்தான்’ என்ற பன்மையால்தான் குறிப்பிடுகிறது. ஆக, கூடையில் அடங்கும் மீனும் ஹூத், மனிதரை விழுங்கும் உயிரினமும் ஹூத். அரபிகள் கடலில் நீந்தும் உருவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நுரையீரல் இருக்கிறதா, பால் கொடுக்கிறதா என்று பார்த்து வகை பிரிப்பது விலங்கியலின் வேலை. ஒரே உயிரினத்தைப் பேச்சு வழக்கு ஒரு விதமாகவும் துறை வழக்கு இன்னொரு விதமாகவும் அழைப்பது எல்லா மொழியிலும் உண்டு. இன்றைய அரபு மொழியில் ‘ஹூத்’ பெரும்பாலும் திமிங்கலத்தையே குறிக்கிறது.

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஒரு நிகழ்ச்சியும் நினைவுக்கு வருகிறது. அபூ உபைதா (ரலி) தலைமையில் கடற்கரைப் பக்கம் அனுப்பப்பட்ட 300 ஸஹாபாக்கள் உணவின்றி இலைகளைத் தின்னும் நிலைக்கு வந்தபோது, ‘அன்பர்’ எனப்படும் மாபெரும் கடல் உயிரினம் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. பல நாட்கள் அதையே உண்டார்கள். அதன் விலா எலும்புகளை நிமிர்த்தி வைத்தபோது ஒட்டகத்தில் ஏறிய ஒருவர் அதன் கீழே கடந்து போனார் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். ஓர் எலும்பைக் கொண்டு ஓர் உயிரினத்தின் அளவை எடுத்துச் சொல்லும் செய்தி இது. எகிப்தில் ஆய்வாளர்கள் செய்வதும் ஏறத்தாழ இதைத்தான். எலும்பை அளக்கிறார்கள். அந்த அளவிலிருந்து உயிரினத்தை அறிகிறார்கள்.

பாலைவனம் கடலாக இருந்த காலம்

இனி முதல் கேள்வி. ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய வட எகிப்து நிலமாக இல்லை. ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பா, ஆசியாவுக்கும் இடையே டெதிஸ் என்று புவியியலாளர்கள் அழைக்கும் கடல் பரந்து கிடந்தது. ஃபையூம் அந்தக் கடலின் ஆழமற்ற தென்கரைப் பகுதி. வாதி அல்-ஹீத்தானில் திமிங்கலங்களோடு சுறாவின் பற்கள், ஆமை, முதலை, கடற்பசுக்கள், அலையாத்தி மரங்களின் வேர்கள் எல்லாம் கல்லாகிக் கிடைக்கின்றன. இறந்த திமிங்கலங்கள் கடலடிக்குச் சென்றன, சேறும் மணலும் மூடின, காலப்போக்கில் எலும்புகள் கல்லாயின. பிறகு கடல் வடக்கே பின்வாங்கியது. பாலைவனக் காற்று மேலே இருந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, உள்ளே இருந்ததை வெளியே காட்டிவிட்டது.

இதற்கு மிக எளிய சாட்சி கீஸாவின் பிரமிடுகளிலேயே இருக்கிறது. அவற்றைக் கட்டிய சுண்ணாம்புக் கற்களை அருகில் சென்று பார்த்தால் சிறு நாணயங்களைப் போன்ற வட்ட வடிவங்கள் பதிந்திருப்பது தெரியும். 2,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வந்த ஸ்ட்ராபோ என்ற கிரேக்கப் புவியியலாளர், இவை பிரமிடு கட்டிய தொழிலாளர்கள் மிச்சம் வைத்த பருப்பு கல்லானவை என்று அங்கிருந்தோர் சொல்வதாக எழுதியிருக்கிறார். உண்மையில் அவை நும்முலைட் எனப்படும் கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள். இந்த வகை ஓடுகள் எந்தப் பாறை அடுக்கில் இருக்கின்றன என்பதை வைத்தே அந்த அடுக்கின் காலத்தைப் புவியியலாளர்கள் ஒப்பிட்டுக் கணிக்கிறார்கள்.

பெயரிலேயே ஒரு தவறு

ஃபையூமில் திமிங்கலப் புதைபடிவத்தை முதலில் கண்டெடுத்தவர் ஜெர்மானியப் பயணி கியோர்க் ஷ்வைன்ஃபுர்ட். 1879இல் காரூன் ஏரியிலுள்ள ஒரு தீவில் அவருக்கு அது கிடைத்தது. வாதி அல்-ஹீத்தான் பள்ளத்தாக்கில் 1902-03 குளிர்காலத்தில் ஹ்யூ பீட்நெல் என்ற புவியியலாளர் திமிங்கல எலும்புகளைக் கண்டார்.

அங்கே கிடைக்கும் மிகப் பெரிய திமிங்கலத்தின் பெயர் பசிலோசாரஸ். ‘அரசப் பல்லி’ என்று பொருள். திமிங்கலத்திற்கு ஏன் பல்லியின் பெயர்? 1834இல் அமெரிக்காவின் லூசியானாவில் கிடைத்த பெரிய முதுகெலும்பு ஒன்றைப் பார்த்த ரிச்சர்ட் ஹார்லன், அது கடலில் வாழ்ந்த ஊர்வனவற்றில் ஒன்று என்று முடிவு செய்து இந்தப் பெயரை வைத்தார். சில ஆண்டுகள் கழித்து அதன் பற்களை ஆராய்ந்த ரிச்சர்ட் ஓவன், கடைவாய்ப் பற்களுக்கு இரண்டு வேர்கள் இருப்பதைக் கண்டார். அது பாலூட்டிகளின் அடையாளம். ஆகவே இது பல்லி அல்ல, திமிங்கலம் என்று தெரிந்தது. ஆனால் விலங்கியல் விதிப்படி முதலில் வைத்த பெயரே நிலைக்கும். தவறான பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தவறு என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் மறைக்கவில்லை.

முழங்கால் கொண்ட திமிங்கலம்

இனி இரண்டாவது கேள்வி. 1980களில் அமெரிக்காவின் மிஷிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் கிஞ்சரிச் இந்தப் பள்ளத்தாக்கிற்கு வந்தார். ஒவ்வொரு எலும்புக்கூடும் எங்கே, எப்படிக் கிடக்கிறது என்று வரைபடம் தயாரித்தார். 1989இல், பசிலோசாரஸின் நீண்ட முதுகெலும்பு வரிசையின் பின்பகுதியில் தேடியபோது அவரது குழுவினருக்குப் பின்னங்கால் எலும்புகள் கிடைத்தன. 1990இல் இதை வெளியிட்டார்கள்.

தொடை எலும்பு, முழங்கால் சில்லு, கணுக்கால், பாதம், விரல்கள் எல்லாம் இருந்தன. ஆனால் உடல் 15 முதல் 18 மீட்டர் நீளம், கால் அரை மீட்டர்கூட இல்லை. அந்தக் காலை வைத்துக்கொண்டு இந்த உயிரினம் கரையில் நடக்கவே முடியாது. முழுக்க முழுக்கக் கடலிலேயே வாழ்ந்த திமிங்கலம் அது. பிறகு முழங்கால் எதற்கு? நடக்கும் காலை உடைய ஓர் உயிரினத்தின் வழியில் வந்தது என்றால்தான் இதற்கு விளக்கம் கிடைக்கிறது.

அதே பள்ளத்தாக்கில் டோருடான் என்ற, சுமார் 5 மீட்டர் நீளமுள்ள சிறிய திமிங்கலமும் கிடைக்கிறது. அதற்கும் இப்படிச் சிறிய பின்னங்கால்கள் உண்டு. ஒரு பசிலோசாரஸின் வயிற்றுப் பகுதியில் குட்டி டோருடான்களின் எலும்புகளும் மீன் எலும்புகளும் கிடைத்ததாக 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. 4 கோடி ஆண்டுக்கு முன் கடலில் யார் யாரை வேட்டையாடினார்கள் என்பதுகூட எலும்பிலிருந்து தெரிகிறது.

பாகிஸ்தான் மலைகளில்

எகிப்தின் திமிங்கலங்கள் இந்தக் கதையின் பிற்பகுதி. முற்பகுதி அதைவிட ஒரு கோடி ஆண்டு பழைய பாறைகளில், நம் துணைக்கண்டத்தில் இருக்கிறது. அப்போது இந்திய நிலப்பகுதி ஆசியாவோடு மோதிக்கொண்டிருந்தது. இடையில் டெதிஸ் கடல் குறுகி, கரையோர நீர்நிலைகளும் ஆழமற்ற கடலும் இருந்தன.

1981இல் கிஞ்சரிச்சும் டொனால்ட் ரஸ்ஸலும் பாகிஸ்தானின் கோஹாட் பகுதியில் கிடைத்த ஒரு மண்டையோட்டுப் பகுதியை விவரித்து, அதற்கு பாகிசீடஸ் என்று பெயரிட்டார்கள். பாகிஸ்தான் திமிங்கலம் என்று பொருள். சுமார் 5 கோடி ஆண்டுகள் பழையது. இது திமிங்கல வகை என்று எப்படித் தெரிந்தது? காது எலும்பால். திமிங்கலங்களின் காதைச் சுற்றியுள்ள எலும்பின் உட்சுவர் மட்டும் விசேஷமாகத் தடித்திருக்கும். மற்றப் பாலூட்டிகளில் அப்படி இல்லை. அந்தத் தடித்த சுவர் பாகிசீடஸிலும் இருந்தது. ஆனால் அது கிடைத்த இடம் கடல் படிவு அல்ல, ஆற்றுப் படிவு. அதோடு கிடைத்தவை நிலவிலங்குகளின் எலும்புகள். 2001இல் உடல் எலும்புகளும் வெளியானபோது தெரிந்தது இதுதான்: நான்கு மெலிந்த கால்களுடன், ஓநாயின் அளவில் இருந்த ஒரு விலங்கு, காதில் மட்டும் திமிங்கலத்தின் அடையாளத்தைத் தாங்கியிருந்தது.

1994இல் ஹான்ஸ் தெவிசன், பாகிஸ்தானைச் சேர்ந்த அறிவியலாளர்களான தஸீர் ஹுஸைன், முஹம்மது ஆரிஃப் ஆகியோருடன் இன்னொன்றை வெளியிட்டார். பஞ்சாப் மாகாணத்தின் காலா சித்தா மலைகளில் கிடைத்த அதற்கு ஆம்புலோசீடஸ் நாடன்ஸ் என்று பெயர். ‘நடக்கும், நீந்தும் திமிங்கலம்’ என்று பொருள். சுமார் 3 மீட்டர் நீளம், முதலையைப் போன்ற நீண்ட முகவாய், பெரிய பின்பாதங்கள். கரையிலும் நீரிலும் வாழ்ந்த விலங்கு.

எந்த விலங்கு எந்த நீரில் வாழ்ந்தது என்பதைப் பல்லே சொல்கிறது. ஆற்று நீரிலும் கடல் நீரிலும் ஆக்சிஜனின் வகைகள் வெவ்வேறு விகிதத்தில் இருக்கும். குடித்த நீரின் விகிதம் பல்லில் பதிந்துவிடும். பாகிசீடஸின் பற்கள் அது நன்னீர் குடித்ததைக் காட்டுகின்றன. பின்னால் வந்த வகைகளின் பற்கள் கடல் நீருக்குப் பழகியதைக் காட்டுகின்றன.

தன் கருத்தை மாற்றிக்கொண்ட ஆய்வாளர்

இந்த வரலாற்றில் நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது ஒரு கணுக்கால் எலும்பு.

திமிங்கலங்கள் எந்த நிலவிலங்குக்கு நெருக்கம் என்பதில் 1990களில் பெரிய சர்ச்சை இருந்தது. பற்களின் வடிவத்தை வைத்து, மீசோனிகிட் என்ற, இன்று இல்லாமல் போன ஊனுண்ணி வகைக்கே நெருக்கம் என்று கிஞ்சரிச் உட்படப் பல புதைபடிவ ஆய்வாளர்கள் கருதினார்கள். மரபணுவை ஆராய்ந்தவர்களோ, மாடு, ஆடு, ஒட்டகம், நீர்யானை போன்ற இரட்டைக் குளம்பு விலங்குகளின் கூட்டத்தில்தான் திமிங்கலம் சேர்கிறது, அதிலும் நீர்யானைக்கே மிக நெருக்கம் என்றார்கள்.

ஆடு மாடு அறுப்பவர்களுக்கு ஓர் எலும்பு நன்றாகத் தெரியும். பின்னங்காலில் முழங்காலுக்குக் கீழே, கணுவில் இருக்கும் சிறு கட்டை எலும்பு. அதன் மேலும் கீழும் கப்பியைப் போல வழவழப்பான பள்ளம் இருக்கும். இப்படி இரண்டு பக்கமும் கப்பி போன்ற அமைப்பு இரட்டைக் குளம்பு விலங்குகளுக்கு மட்டுமே உரியது. குர்பானிக்குப் பிறகு நம் பிள்ளைகளிடம் ஓர் ஆட்டின் காலில் இதைக் காட்டலாம்.

பலூசிஸ்தானில் கிஞ்சரிச், பாகிஸ்தான் புவியியல் ஆய்வு நிறுவனத்தினருடன் சேர்ந்து தேடியபோது, சுமார் 4.7 கோடி ஆண்டு பழைய, கால்களுடைய திமிங்கலங்களின் எலும்புகள் கிடைத்தன. அவற்றில் இந்தக் கணுக்கால் எலும்பும் இருந்தது. அதில் இரண்டு பக்கமும் கப்பி இருந்தது. அதாவது, கிஞ்சரிச் அதுவரை சொல்லிவந்தது தவறு, மரபணு ஆய்வாளர்கள் சொன்னதே சரி என்று அவர் கையிலிருந்த எலும்பே காட்டியது. அவர் அதை ஒளிக்கவில்லை. 2001இல் ஆர்டியோசீடஸ், ரோடோசீடஸ் என்ற பெயர்களில் அந்தத் திமிங்கலங்களை வெளியிட்டு, தம் பழைய கருத்தையும் கைவிட்டார்.

கஷ்மீரிலிருந்து ஒரு சிறு விலங்கு

இந்தியாவுக்கும் இதில் பெரும் பங்குண்டு. குஜராத்தின் கச்சுப் பகுதியில் பல பழைய திமிங்கல வகைகள் கிடைத்துள்ளன. ஜம்மு கஷ்மீரின் ரஜௌரி மாவட்டத்திலுள்ள காலாகோட்டில் இந்தியப் புவியியலாளர் ரங்கா ராவ் பாறைகளைச் சேகரித்தார். அவற்றிலிருந்து கிடைத்த, வீட்டுப் பூனை அளவிலான ஒரு விலங்குக்கு 1971இல் அவர் இந்தோஹியூஸ் என்று பெயரிட்டார். அவர் சேகரித்த பாறைகளில் பெரும்பாலானவை உடைக்கப்படாமலேயே பல ஆண்டுகள் கிடந்தன. அவர் மறைந்த பின் அவருடைய மனைவி அவற்றைத் தெவிசனிடம் கொடுத்தார்.

பாறையிலிருந்து ஒரு மண்டையோட்டைப் பிரித்தெடுக்கும்போது காது எலும்பு உடைந்தது. உடைந்த இடத்தில், திமிங்கலங்களுக்கு மட்டுமே உரியது என்று கருதப்பட்ட அந்தத் தடித்த உட்சுவர் தெரிந்தது. ரூர்க்கியைச் சேர்ந்த சுனில் பாஜ்பாய் உள்ளிட்டோருடன் தெவிசன் இதை 2007இல் வெளியிட்டார். இந்தோஹியூஸ் மெல்லிய கால்களுடைய, மான் போன்ற சிறு விலங்கு. ஆனால் அதன் கால் எலும்புகள் கனத்து அடர்ந்திருந்தன. நீர்யானையைப் போல நீரில் இறங்கி நடக்கும் விலங்குகளுக்கு அப்படி இருக்கும்.

இங்கே ஒரு தெளிவு தேவை. இந்தோஹியூஸின் பிள்ளை பாகிசீடஸ், அதன் பிள்ளை ஆம்புலோசீடஸ் என்று ஏணிப்படி போல யாரும் சொல்லவில்லை. கண்டெடுக்கப்பட்ட இந்தோஹியூஸ் பாகிசீடஸுக்குப் பாட்டனாக இருக்கும் அளவுக்குப் பழையதும் அல்ல. ஒரு குடும்பத்தில் சித்தப்பா வீடு, பெரியப்பா வீடு என்று கிளைகள் பிரிவதைப் போலத்தான் இவை. ஒவ்வொரு கிளையும் அந்தக் குடும்பம் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்பதைக் காட்டுகிறது. பாட ஏட்டில் வரிசையாகப் படம் போடுவதால் ஏணி போலத் தோன்றுகிறது.

இன்றைய திமிங்கலத்தின் உடலில்

பழைய எலும்புகளை விட்டுவிட்டு, இன்று கடலில் வாழும் திமிங்கலத்தையே பார்ப்போம். அது நுரையீரலால் மூச்சு விடுகிறது. குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. மீனின் வால் இடமும் வலமுமாக அசையும். திமிங்கலத்தின் வால் மேலும் கீழுமாக அசையும். ஓடும் நாயின் முதுகு வளைவதும் அப்படித்தான். பெரும்பாலான திமிங்கலங்களின் உடலுக்குள்ளே, முதுகெலும்போடு சேராமல் சிறு இடுப்பெலும்புகள் இன்றும் இருக்கின்றன. டால்பின் கருவில் ஆரம்ப வாரங்களில் பின்னங்காலுக்கான மொட்டுகள் தோன்றிப் பிறகு மறைந்துவிடுகின்றன. 2006இல் ஜப்பானின் தைஜி அருகே பிடிபட்ட ஒரு டால்பினுக்கு வயிற்றின் பின்பகுதியில் கூடுதலாக ஒரு ஜோடித் துடுப்புகள் இருந்தன. பல் இல்லாமல், சல்லடை போன்ற அமைப்பால் உணவை வடிகட்டி உண்ணும் பெரிய திமிங்கலங்களுக்கும் கருவில் பல் மொட்டுகள் வந்து மறைகின்றன.

காது, கணு, பல், கரு, மரபணு என்று ஐந்து வெவ்வேறு துறையினர் தனித்தனியே ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஒரே செய்தி ஒருவரையொருவர் சாராத பல வழிகளில் வந்து சேர்ந்தால் அதன் பலம் கூடும் என்பது ஹதீஸ் ஓதிய எவருக்கும் தெரியும்.

நம் கரையில் ஒரு சாட்சி

நிலத்திலிருந்து கடலுக்குப் போன பாலூட்டி திமிங்கலம் மட்டுமல்ல. சீல்கள் ஊனுண்ணி விலங்குகளின் கூட்டத்திலிருந்து தனியே போனவை. கடற்பசு மூன்றாவது. அதற்கு இன்று மிக நெருங்கிய உறவு யானை. ஜமைக்காவில் கிடைத்த பெசோசிரன் என்ற சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய கடற்பசுவுக்கு நடக்கக்கூடிய நான்கு கால்கள் இருந்தன. டேரில் டாம்னிங் இதை 2001இல் வெளியிட்டார். வாதி அல்-ஹீத்தானில் கிடைக்கும் கடற்பசுக்கள் அதற்குப் பிந்தியவை. அவற்றின் பின்னங்கால்கள் சுருங்கிவிட்டன.

அதிராம்பட்டினம், அம்மாபட்டினம் கரைகளில் வாழும் நம் மக்களுக்குக் கடற்பசு புதிதல்ல. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். கடற்புல் மேய்கிற சாதுவான உயிரினம். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. இந்தியாவில் அதற்கென அமைந்த முதல் பாதுகாப்பகம் அது. ஃபையூமில் கல்லாகிப் போன குடும்பத்தின் உயிருள்ள உறவு நம் கரையிலேயே மேய்ந்துகொண்டிருக்கிறது. வலையில் சிக்கினால் அறுத்துவிடாமல் திருப்பி விடுவது நம் பொறுப்பு.

தோண்டுகிறவர்கள் யார்?

நூறு ஆண்டுகளுக்கு முன் ஃபையூமின் எலும்புகளை ஐரோப்பியர் எடுத்துச் சென்று, ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் வைத்து, அவர்களே எழுதினார்கள். இன்று நிலைமை மாறியிருக்கிறது. எகிப்தின் மன்சூரா பல்கலைக்கழகத்தில் ஹிஷாம் ஸல்லாம் முதுகெலும்பிகளின் புதைபடிவ ஆய்வு மையம் ஒன்றை உருவாக்கினார். அவருடைய மாணவர்கள் இன்று முன்னணி ஆய்வாளர்கள்.

வாதி அல்-ஹீத்தானில் கிடைத்த ஒரு கெளுத்தி வகை மீனை 2017இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின் முதல் ஆசிரியர் ஸனா அஸ்-ஸையித் என்ற பெண் ஆய்வாளர். கெளுத்திக்கு எகிப்தியர் சொல்லும் ‘கர்மூத்’ என்ற பெயரையே அதற்கு வைத்தார்கள். 2021இல் அப்துல்லாஹ் கோஹர் முதல் ஆசிரியராக, 4.3 கோடி ஆண்டுப் பழைய, சுமார் 3 மீட்டர் நீளமுள்ள, கால்களுடைய திமிங்கலத்தை வெளியிட்டார். ஃபியோமிசீடஸ் என்ற அதன் பெயர் ஃபையூமைக் குறிக்கிறது. 2023இல் இதே மையத்தினர் டுட்சீடஸ் என்ற, வெறும் இரண்டரை மீட்டர் நீளமுள்ள, 4.1 கோடி ஆண்டுப் பழைய திமிங்கலத்தை அறிவித்தார்கள். பசிலோசாரஸின் குடும்பத்தில் இதுவரை கிடைத்தவற்றில் மிகச் சிறியது அதுவே.

பள்ளத்தாக்கிலேயே 2016இல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சுமார் 18 மீட்டர் நீளமுள்ள பசிலோசாரஸ் எலும்புக்கூடு அதன் நடுவே இருக்கிறது. எகிப்துப் பயணம் போகும் நம் குடும்பங்கள் பிரமிடுகளோடு திரும்பிவிடாமல், ஒரு நாள் ஒதுக்கி இங்கேயும் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்.

பெற்றோருக்கு

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் பரிணாமம் வருகிறது. பிள்ளை வீட்டுக்கு வந்து கேட்கும். அப்போது “அதெல்லாம் பொய்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். நம் இமாம்கள் அப்படிச் சொல்ல வெட்கப்பட்டதில்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள்.

மனிதப் படைப்பைப் பற்றிக் குர்ஆன் சொல்வது நம் ஈமானைச் சேர்ந்தது. அதை அறிவியலோடு எப்படிப் பொருத்திப் புரிந்துகொள்வது என்பது குறித்து இன்றைய உலமாக்கள் விரிவாகப் பேசிவருகிறார்கள். அது தனித் தலைப்பு. இந்தக் கட்டுரை திமிங்கலத்தைப் பற்றியது. திமிங்கலத்திற்குக் கால் இருந்ததா என்ற கேள்விக்கு நமக்குக் கிடைக்கும் விடை, இருந்தது என்பதே. மழை எப்படி உருவாகிறது என்று தெரிந்த பிறகும் மழையைத் தருபவன் அல்லாஹ் என்று நாம் சொல்வதை நிறுத்தவில்லை. திமிங்கலம் எந்த வழியாகக் கடலுக்கு வந்தது என்று தெரிவதாலும் அது மாறாது.

ஆனால் இருக்கும் எலும்பை இல்லை என்று மார்க்கத்தின் பெயரால் சொன்னால், பிள்ளை ஒருநாள் அந்த எலும்பின் படத்தைப் பார்க்கும். அன்று அது சந்தேகிக்கப் போவது எலும்பை அல்ல. நாம் சொன்ன மற்ற எல்லாவற்றையும்தான். பள்ளிவாசல் வாசலில் அந்த மாணவர் கேட்டபோது நமக்கு உறைத்தது இதுதான்.

ஆகவே அன்று பயானில் சொன்னதை நாம் இங்கே திரும்பப் பெறுகிறோம். அதைக் கேட்டவர்கள் இதையும் கேட்டவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை அதே மிம்பரிலும் சொல்வோம்.

அல்லாஹ் மிக அறிந்தவன்.